சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: கிழக்கு வழியா, மேற்கு வழியா?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு என்று தேடினால் சுமார் 13,900 கிலோமீட்டர் என்று வரும். கூடவே, பறக்க ஆகும் நேரம் 16 அல்லது 17 மணி என்று ஒரு வரியும் இருக்கும். முதல் எண் சரி. இரண்டாவது எண் வெறும் வகுத்தல் கணக்கு. தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் சொச்சத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துப் போட்டது. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நிற்காமல் போகிற பயணிகள் விமானமே இல்லை. அதனால் அந்த 16 மணி நேரத்தில் யாரும் போய்ச் சேர்வதில்லை.

டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் திரையில் வருவது 20 மணியில் தொடங்கி 30 மணிக்கு மேலும் போகும் ஒரு பட்டியல். ஹாங்காங் வழி, சிங்கப்பூர் வழி, துபாய் வழி, தோஹா வழி, பிராங்ஃபர்ட் வழி, லண்டன் வழி, டெல்லி வழி. பாதி கிழக்கே போகிறது, பாதி மேற்கே போகிறது. இரண்டு பக்கமும் போய் ஒரே ஊரில் இறங்கலாம் என்பதுதான் இந்தப் பயணத்தின் விசேஷம். சென்னையிலிருந்து லண்டன் போகிறவருக்கோ சிட்னி போகிறவருக்கோ இந்தக் குழப்பம் கிடையாது.

முதலில் அந்த 13,900 கிலோமீட்டர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் இழுத்துப் பிடித்தால் நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. நேராக வடகிழக்கே ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவரெஸ்ட் சிகரத்தை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு போகிறது. பிறகு திபெத், சீனாவின் துன்ஹுவாங் பக்கம், மங்கோலியா, சைபீரியாவில் யாகூத்ஸ்க் நகருக்குச் சற்று வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ரஷ்யாவின் சுகோத்கா முனை, அங்கிருந்து அலாஸ்கா, கடைசியில் கலிபோர்னியக் கடற்கரை. தட்டையான வரைபடத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாத பாதை.

ஆனால் இந்தப் பாதையில் அப்படியே பறக்க முடியாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். தலைக்கு மேல் விழும் முகமூடியில் பயணிகளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரம்போலத்தான் வரும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 14,000 அடிக்கு மேல். இறங்க இடமில்லை. அதனால்தான் விமானங்கள் திபெத்தைச் சுற்றிப் போகின்றன. இதன் மேல் ரஷ்ய வான்வெளிப் பிரச்சினை வேறு. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் நிறுவனங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாது. ஏர் இந்தியாவுக்கும் வளைகுடா நிறுவனங்களுக்கும் அந்தத் தடை இல்லை.

ஆக, யாராக இருந்தாலும் வளைந்துதான் போக வேண்டும். எவ்வளவு வளைவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கால்களின் (விமானம் மாறும் ஊர் வரை ஒரு கால், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை இன்னொரு கால்) நேர்த்தூரத்தையும் கூட்டியது, கிலோமீட்டரில், தோராயமாக:

டெல்லி வழி: 1,760 + 12,370 = 14,130
பெங்களூரு வழி: 270 + 14,000 = 14,270
ஹாங்காங் வழி: 3,710 + 11,110 = 14,820
துபாய் வழி: 2,930 + 13,040 = 15,970
சிங்கப்பூர் வழி: 2,920 + 13,590 = 16,510
பிராங்ஃபர்ட் வழி: 7,600 + 9,160 = 16,760
லண்டன் வழி: 8,230 + 8,610 = 16,840

சென்னைக்கு துபாயும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட ஒரே தூரம் என்பதைக் கவனியுங்கள். நாம் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். டோக்கியோ வழியாகப் போனால் 14,700 சொச்சம்தான், இரண்டு கால்களும் ஓரளவு சமம். ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனம் 2019 அக்டோபரில் சென்னையிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்குச் சேவையைத் தொடங்கியபோது பே ஏரியா எனப்படும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத் தமிழர்கள் கொண்டாடினார்கள். சில மாதங்களில் கொரோனா வந்து அது நின்றுபோனது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு டெல்லிதான் வேகம், லண்டன்தான் தாமதம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கிலோமீட்டர் ஒரு அளவுக்குமேல் உதவாது என்பதற்கு டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானமே சாட்சி. ஏர் இந்தியா இந்த நேர் விமானத்தை 2015 டிசம்பரில் தொடங்கியது. அப்போது அட்லாண்டிக் பக்கமாகப் பறந்தது. பறந்த தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையை மாற்றி பசிபிக் பக்கமாக விட்டார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராக ஏறியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணிக்கு வந்தது. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள்.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம் எனும் மேல்வானக் காற்று. வட அரைக்கோளத்தில் விமானங்கள் பறக்கும் உயரத்தில் இது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300-ஐயும் தாண்டும். கிழக்கே போகிற விமானத்தை அது தள்ளிக்கொண்டு போகும். மேற்கே வருகிற விமானத்தை எதிர்த்து நிற்கும். ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக பன்னிரண்டு, பன்னிரண்டரை மணி. அதே விமானம் திரும்பி வர பதினான்கரை, பதினைந்து. சிங்கப்பூரிலிருந்து போக பதினைந்து மணிக்கு முன்பின், திரும்ப பதினாறரையிலிருந்து பதினேழரை வரை. ஒரே வழி, ஒரே விமானம், இரண்டு மணிக்கு மேல் வித்தியாசம்.

துபாய் விமானத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் தீர்க்கரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட எதிரெதிரே இருக்கின்றன. நேர்க்கோடு போட்டால் அது வடதுருவத்தின் பக்கத்திலேயே, 200 கிலோமீட்டர் தள்ளிப் போகும். அதாவது விமானம் பெரும்பாலும் தெற்கு–வடக்காக ஏறி, மறுபக்கம் வடக்கு–தெற்காக இறங்குகிறது. காற்று பின்னாலிருந்து தள்ளுவதும் இல்லை, முன்னாலிருந்து தடுப்பதும் அதிகமில்லை. போகவும் வரவும் 16 மணிக்கு ஒட்டியே இருக்கும். அன்றன்றைய காற்றைப் பார்த்துப் பாதையை மாற்றிக்கொள்வார்கள் என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி எளிது. போகும்போது கிழக்கு, வரும்போது மேற்கு அல்லது துருவம். காசு ஒத்துவந்தால் மட்டும். ஒரே நிறுவனத்தில் போக வர எடுத்தால்தான் விலை குறையும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் இந்தியா நான்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பவை. தேடும்போது மல்ட்டி-சிட்டி என்ற இடத்தில் போக சிங்கப்பூர் வழி, வர பிராங்ஃபர்ட் வழி என்று போட்டுப் பார்த்தால் சில தேதிகளில் சாதாரண ரிட்டர்ன் விலைக்கே ஒரே டிக்கெட்டாக விழும். சில தேதிகளில் எகிறும். பார்க்காமல் விடுவதற்குக் காரணமில்லை.

இனி ஒவ்வொரு வழியாக.

ஹாங்காங். மணி மட்டும்தான் கணக்கு என்றால் ஒரு நிறுத்த வழிகளில் இதற்கு ஈடில்லை. சென்னையிலிருந்து ஐந்தேகால் மணி, பிறகு பன்னிரண்டரை. நடுவில் இரண்டு மூன்று மணிக் காத்திருப்பு அமைந்தால் மொத்தம் 20, 21 மணியில் இறங்கிவிடலாம். குறை, சேவை எண்ணிக்கை. ஹாங்காங் நிறுவனமான கேத்தே பசிபிக் கொரோனாவில் நிறுத்திய சென்னைச் சேவையை 2024-ல்தான் மீண்டும் தொடங்கியது. எல்லா நாளும் விமானம் இருக்கும் என்று நம்பித் தேதி குறிக்கக் கூடாது. ஒரு விமானம் தவறினால் அடுத்தது மறுநாளா, மூன்றாம் நாளா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் மிச்சம் என்று வந்து ஹாங்காங்கில் ஒரு ராத்திரி தங்கினால் கணக்கு தலைகீழ்.

சிங்கப்பூர். தூரத்தில் பட்டியலின் கீழ்ப்பாதி, நேரத்தில் மேல்பாதி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் 2016-ல் வந்தது. ஜூனில் யுனைடெட், அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். அதற்கு முன் ஹாங்காங்கிலோ சியோலிலோ ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருந்தது. சென்னை–சிங்கப்பூர் நான்கு மணி, தினம் பல விமானங்கள். ஒன்று தவறினால் இன்னொன்றில் ஏற்ற வழி இருக்கிறது. முதல்முறை போகிற பெற்றோருக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். டெர்மினல் மாறும் ரயில் எளிது, தமிழ் பேசும் ஊழியர் யாராவது கண்ணில் படுவார், கேட்டால் தமிழிலேயே வழி சொல்வார்கள். ஆனால் ஒன்று: சென்னையில் ராத்திரி பதினொன்றுக்கு ஏறி, அங்கே விடியற்காலை இறங்கும்போது தூக்கம் இரண்டு, மூன்று மணிதான் ஆகியிருக்கும். அதன்பிறகு பதினைந்து மணி ஒரே இருக்கை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த இரண்டாவது விமானம்தான் சோதனை.

துபாய், தோஹா. முதல் கால் நான்கு மணிக்கு மேல், இரண்டாவது கால் பதினாறு. இரண்டையும் சேர்த்து, காத்திருப்போடு 23, 24 மணி. துபாய்க்குச் சென்னையிலிருந்து எமிரேட்ஸ் தினம் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்களை விடுகிறது. தோஹா–சான் பிரான்சிஸ்கோ நேர் விமானத்தைக் கத்தார் ஏர்வேஸ் 2020 டிசம்பரில் தொடங்கியது. விலையில் பெரும்பாலும் இவைதான் முந்தும். இந்த வழியின் பலவீனம் பறக்கும் நேரத்தில் இல்லை, நடுவில் மாட்டிக்கொள்ளும் அபாயத்தில். 2024 ஏப்ரல் மழையில் துபாய் விமான நிலையம் தண்ணீரில் நின்றது. 2025 ஜூனில் கத்தார் திடீரென்று வான்வெளியை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் மாட்டினார்கள். வளைகுடாவில் பதற்றம் தெரிகிற வாரங்களில் கல்யாணம், பரீட்சை, விசா நேர்காணல் மாதிரி தேதி தவறக்கூடாத காரியங்களுக்கு இந்த வழியை நான் எடுக்க மாட்டேன்.

பிராங்ஃபர்ட், லண்டன். தூரத்தில் கடைசி, நேரத்தில் 24, 25 மணி. இருந்தும் இதை விரும்புகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பயணம் கிட்டத்தட்ட சரிபாதியாக வெட்டுப்படுகிறது. பத்து மணி, பிறகு பதினொன்றரை. சென்னையில் நள்ளிரவுக்கு மேல் ஏறியவுடன் ஒரு முழுத் தூக்கம் போடலாம். இடையில் எழுந்து நடந்து, முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு இரண்டாவது விமானம் ஏறலாம். நான்கு மணித் தூக்கத்தில் தட்டி எழுப்பி, விமானம் மாற்றி, பிறகு பதினாறு மணி கட்டிப்போடுவதைவிட இது உடம்புக்கு நல்லது என்பார்கள். கால் வீக்கம், ரத்த உறைவு பயம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வதும் நீண்ட நேரம் தொடர்ந்து உட்காராதீர்கள் என்பதுதானே. மொத்த நேரம் இரண்டு மணி கூடினாலும் ஒரே மூச்சில் உட்காரும் நேரம் நாலைந்து மணி குறைகிறது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஐரோப்பிய வழியில் ஒரு முள் உண்டு: ட்ரான்சிட் விசா. அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் செல்லுபடியாக இருக்கும்வரை விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தனி விசா தேவைப்படாது. சிக்கல் அமெரிக்காவில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு. எச்1பி எனும் வேலை அனுமதியின் நீட்டிப்பு கையில் இருக்கும், ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். அமெரிக்காவில் இருக்க அந்த நீட்டிப்பு போதும். ஊருக்கு வரும் வழியில் ஐரோப்பாவில் மாறி ஏற அது போதாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு வரும்போது கிழக்கு வழியோ வளைகுடா வழியோ பிடிப்பது இதனால்தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும்.

டெல்லி, பெங்களூரு. ஒரே நாட்டுக்குள் மாறிவிட்டு ஒரே தாவல் என்பது கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ நேர் விமானத்தை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியபோது முதல் விமானத்தை கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். வடதுருவப் பக்கமாக, 17 மணி நேரம். செய்தி நன்றாக ஓடியது. சேவை அந்த அளவுக்கு நிலையாக ஓடவில்லை. 2022-ல் நின்றது, அந்த டிசம்பரில் மீண்டும் வந்தது. யுனைடெட் இதே தடத்தை அறிவித்துவிட்டு ஒரு விமானம்கூட விடாமல் கைவிட்டது. ஆகவே பெங்களூரு வழியை நினைப்பவர்கள் தங்கள் தேதியில் அந்த நேர் விமானம் அட்டவணையில் இருக்கிறதா என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இருந்தால் அது நல்ல வழி. ஆனால் சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு எப்படிப் போவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளூர் விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால் பெட்டிக்கு 15 கிலோதான். கையில் இருப்பதோ 23 கிலோ பெட்டி இரண்டு. மீதி எடைக்குக் கிலோ கணக்கில் பணம். ஒரே பி.என்.ஆரில் எடுத்தால் பன்னாட்டு எடை வரம்பே முழு வழிக்கும் செல்லும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. வந்தே பாரத்தில் நாலரை மணிக்குள் பெங்களூரு போய்விடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். போகலாம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் 35 கிலோமீட்டர், அதுவும் பெங்களூரு போக்குவரத்தில். நான்கு பெட்டிகளோடு.

டெல்லி வழியில் இன்னொரு தலைவலி வான்வெளி. 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்தை மூடிவிட்டது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போகின்றன. வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. கிழக்கே பசிபிக் பக்கம் போகும் விமானத்துக்கு இந்தச் சுற்று இல்லை. ரஷ்யாவுக்கு மேலே பறப்பதில் வேறு மாதிரி ஒரு அபாயம்: 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகளை ஏற்றிச்செல்ல வேறொரு விமானம் இந்தியாவிலிருந்து போய்ச் சேரும்வரை அந்தச் சின்ன ஊரில் கிடைத்த இடத்தில் தங்கவைத்தார்கள். இது அபூர்வம், இதற்காக அந்த வழியையே ஒதுக்க வேண்டியதில்லை.

எந்த வழியாக இருந்தாலும் மொத்த நேரத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். டிக்கெட்டில் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். ஞாயிறு இரவு 11:15-க்குச் சென்னையில் ஏறி, திங்கள் காலை 9:30-க்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால் பத்தேகால் மணிப் பயணம் மாதிரித் தெரியும். இறங்கும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினால் உண்மை வெளியே வரும். கோடையில் 12:30 மணி கூட்ட வேண்டும், அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு வைக்கும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை 13:30 மணி. காலை 9:30-ஓடு 12:30 கூட்டினால் நம் ஊரில் திங்கள் இரவு 10 மணி. ஆக, பயணம் 22 மணி 45 நிமிடம்.

திரும்பும்போது இந்த மாயம் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். வெள்ளி இரவு 10 மணிக்கு அங்கே ஏறினால் சென்னையில் இறங்குவது ஞாயிறு காலை. பயணம் 24 மணிதான், ஆனால் லீவில் ஒரு சனிக்கிழமை காணாமல் போயிருக்கும். இரண்டு வார லீவில் ஊருக்கு வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் திங்கள் மாலைக்குக் கல்யாண வரவேற்பு வைத்துவிட்டு, மேடையில் தூங்கி வழிகிறார்கள்.

ஜெட் லாக் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கே போனால் அதிகம் படுத்தும், மேற்கே போனால் குறைவு என்று படித்திருப்பீர்கள். பொதுவாக உண்மை. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி வித்தியாசத்தில் பகல் இரவாகவும் இரவு பகலாகவும் முழுசாகப் புரண்டுவிடுவதால், விமானம் எந்தப் பக்கமாகப் பறந்தது என்பது உடம்புக்கு ஒன்றுதான். இறங்கும் நேரம்தான் முக்கியம். காலையில் இறங்கினால் அந்தப் பகல் முழுவதும் தூங்காமல் ஓட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் இறங்கினால் குடியேற்ற வரிசை, பெட்டி, வீடு, குளியல், சாப்பாடு என்று தானாகவே இரவு வந்துவிடும். துபாய், ஐரோப்பிய விமானங்கள் பெரும்பாலும் மதியத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்குபவை. அது அவற்றுக்கு ஒரு மதிப்பெண்.

இரண்டு நிறுத்தம் உள்ள டிக்கெட்டுகள் விலை குறைவாகக் காட்டும். நியூவார்க், சிகாகோ மாதிரி அமெரிக்காவுக்குள்ளேயே ஒருமுறை மாறுவது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வழக்கமாக, முதலில் கால் வைக்கும் அமெரிக்க ஊரிலேயே குடியேற்றச் சோதனை, அங்கேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ வரை டேக் போட்டிருந்தாலும் இப்படித்தான். இரண்டு மணி நேர இடைவெளி இதற்குப் போதாது. ஆங்கிலத்தில் தடுமாறும் பெரியவர்களைத் தனியாக இந்த வழியில் அனுப்புவது, சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக, எனக்குச் சம்மதமில்லை. அவர்களுக்கு ஒரே நிறுத்தம், ஒரே பி.என்.ஆர்., டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் பதிவு. நடக்க முடிந்தாலும் வீல்சேர் கேட்கலாமா என்பது ஒரு நீண்ட விவாதம். நீண்ட தூரம் நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். மாத்திரைகள் கைப்பையில். கறிவேப்பிலை எங்கேயும் வேண்டாம், புதிய இலையை அமெரிக்கச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

காத்திருப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? சிங்கப்பூர், துபாயில் இரண்டிலிருந்து நாலு மணி வசதி. லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் மூன்றுக்குக் குறைய எடுக்காதீர்கள், அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. டெல்லியிலும் பெங்களூருவிலும் இந்தியக் குடியேற்றச் சோதனை அங்கேதான் நடக்கும், அதற்கு வரிசை நீளம், மூன்றரை மணியாவது வேண்டும். ஆறு மணிக்கு மேல் போனால் எந்த விமான நிலையமும் சலித்துவிடும். தோட்டமும் அருவியும் வைத்திருக்கிற சாங்கிகூட.

பருவமும் முடிவை மாற்றும். டிசம்பர், ஜனவரியில் போகிறீர்கள் என்றால் ஜெட் ஸ்ட்ரீம் பலமாக இருக்கும், கிழக்கு வழியின் லாபம் அப்போதுதான் முழுசாகக் கிடைக்கும். அதே மாதத்தில் கிழக்கு வழியாகவே திரும்புவது மிக நீளமான பயணம். அப்போது துபாயோ பிராங்ஃபர்ட்டோ மேல். ஜூலை, ஆகஸ்டில் காற்று இளைத்துவிடுகிறது, வித்தியாசமும் சுருங்குகிறது. அப்போது விலையைப் பார்த்து எடுக்கலாம். ஆனால் அங்கே பள்ளி விடுமுறை ஜூனில் தொடங்குவதால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னை வரும் பக்கம் விலை ஏறி, ஆகஸ்டில் திரும்பிப் போகும் பக்கம் ஏறும். டிசம்பரிலும் அதே கதை. சென்னையிலிருந்து கிளம்பும் பெற்றோருக்கு இது சாதகம்தான். கூட்டம் இந்தப் பக்கம் வரும்போது அவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். மே மாதக் கடைசியில் போய் நவம்பருக்குள் திரும்புவது என்று வைத்தால், போக சிங்கப்பூர், வர பிராங்ஃபர்ட் என்று மல்ட்டி-சிட்டியில் முதலில் போட்டுப் பார்ப்பேன். அது கட்டுப்படியாகாவிட்டால் துபாய் போக வர. இருபது வயதுப் பையன் தனியாகப் படிக்கப் போகிறான் என்றால் எதையும் யோசிக்காமல் ஹாங்காங்.